வாடகைத் தொண்டை

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு
சஜா லேபர் கேம்ப் வாசலில் பஸ் வந்து நிற்கும்.
தலைக்கு முப்பது திர்ஹம், ஒரு பிரியாணிப் பொட்டலம்,
மூடி கழற்றிய தண்ணீர் பாட்டில்.
மூடியோடு கொடுத்தால் எறிவோமாம்.

சாக்கிலிருந்து பச்சைச் சட்டைகளை உருவி
ஆளாளுக்கு வீசுவான் மெஹ்தாப்.
போன வாரம் இதே பஸ், இதே நாங்கள்,
சிவப்பு.
எனக்கு விழுந்த சட்டையின் அக்குளில்
யாரோ ஒருவனின் வெயில் இன்னும் காயவில்லை.
முதுகில் பத்து. அதன்மேல்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு பெயர்.
ஆறிலிருந்து எட்டுவரை நான் அந்தப் பெயர்.

கேமராவுக்கு நேரெதிரே எங்கள் இடம்.
தில்பகதூருக்குப் பந்தென்றாலே கொட்டாவி.
மொஃபிஜுல் நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவன்,
கோல் விழுந்தால் எழுப்பு என்று சொல்லிவிட்டு
என் தோளில் சாய்ந்துவிட்டான்.

சட்டையின் நெஞ்சில் இருக்கும் கம்பெனிப் பெயர்தான்
என் ஹெல்மெட்டிலும்,
கேம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் டாங்கரிலும்.
எதிரணியின் நெஞ்சில் அதன் தம்பி, சிமெண்ட்.
யார் தோற்றாலும்
கண்ணாடிக்குப் பின்னால் சோபாவில் இருப்பவர்கள்
தோற்பதில்லை.

மெகாபோனோடு கீழே நிற்கிறான் ஹம்தி.
அவனும் கூலிதான், கொஞ்சம் கூடுதல் கூலி.
அவன் கை உயர்ந்தால் நாங்கள் பாட்டு,
தாழ்ந்தால் கைத்தட்டு.
பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை.
வள்ளவிளைக் கோயிலில்
லத்தீனுக்கெல்லாம் ஆமென் சொன்ன வாய் இது.

எழுபத்தொன்றாம் நிமிடம்.
பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
எங்களுக்குப் பெனால்டி.
பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான் பத்தாம் எண்,
நான் முதுகில் சுமக்கும் அதே ஆள்.
ஹம்தியின் இரண்டு கையும் மேலே.

நான் பார்த்தது அவனை இல்லை.

கோல் கம்பங்களுக்கு நடுவே சாம்பல் சட்டையில் ஒருவன்.
எந்த நாடோ.
அவன் பாஸ்போர்ட்டும் எந்த அலமாரியிலோ.
பந்தைப் பார்க்காமல்
அடிக்கிறவனின் ஊன்றுகாலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
அட, இவன் தெரிந்தவன்.
ஆறு சீசன் கிளப்புக்குக் கோலியாக நின்று
கோணிப்போன என் இடது சுண்டுவிரல்
தானாக மடங்கியது.

இடப்பக்கம் லேய், இடப்பக்கம்.

பறந்தான்.
விரல்நுனி.
பந்து கம்பத்தில் பட்ட சத்தம்
மெகாபோனைத் தாண்டிக் கேட்டது.

"பிடிச்சிட்டாம்லே!"

யார் குரல் அது? என் குரல்.
நாற்காலிமேல் நிற்கிறேன்.
பக்கத்தில் தில்பகதூர் நேபாளியில் என்னவோ அலறுகிறான்,
பின்வரிசை விசிலடிக்கிறது,
ஆயிரத்துச் சொச்சம் பச்சைச் சட்டைகள்
சாம்பல் சட்டைக்காக எழுந்து நிற்கின்றன.
திடுக்கிட்டு விழித்த மொஃபிஜுல்
கோல்தான் விழுந்ததென்று
என்னைக் கட்டிக்கொண்டு ஆடினான்.
நானும் திருத்தவில்லை.

ஹம்தியின் கைகள்
எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றன.
கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்
கோப்பையைக் கீழே வைத்தார்.
கோலி எங்கள் பக்கம் திரும்பி
ஒரு கையுறையை லேசாக உயர்த்தினான்.
குழம்பித்தான் உயர்த்தியிருப்பான்.

நோட்டுப்புத்தகத்தோடு படியிறங்கி வந்தான் மெஹ்தாப்.
வரிசை முழுக்கப் பத்து திர்ஹம் வெட்டு.
"யாருக்குக் கத்த வந்தீங்க?" என்றான் இந்தியில்.
அவனுக்கும் யாரோ கேட்டிருப்பார்கள்.

பஸ்ஸில் சட்டைகளைக் கழற்றிச் சாக்கில் போட்டோம்.
பனியனோடு திரும்பினோம், நாற்பத்தெட்டு பேர்.
வழியில் மொஃபிஜுலின் செல்போனில் அந்தக் காட்சி
திரும்பத் திரும்ப ஓடியது.
வர்ணனை அரபியில்.
எதிரணியின் திறமைக்கும் எழுந்து நின்ற
நம் மண்ணின் ரசிகர்களுடைய பெருந்தன்மை
என்று மொழிபெயர்த்தான் திரூர்க்காரன் அஷ்கர்.
சிரிப்பு பின்சீட்டுவரை போய்த் திரும்பி வந்தது.

பத்து மணிக்கு ஊரிலிருந்து ஜெனோவா கூப்பிட்டாள்.
அப்பா, தொண்டை ஏன் இப்படி இருக்கு?
மேட்சுக்குப் போனேன்.
யார் ஜெயிச்சா?

அதற்குப் பிறகு ஒரு கோல் விழுந்தது.
எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.